காலித் தெருவில் ஒற்றை நாற்காலி

கதவைத் தட்டிய தட்டில் லமோன்ட் கையிலிருந்த காப்பியில் பாதி சட்டையில் கொட்டிவிட்டது.

"யாருப்பா அது? கதவ உடைச்சுக்கிட்டு உள்ள வரப் போறீங்களா?" என்று கத்திக்கொண்டே மாடியிலிருந்து இறங்கினான்.

வாசலில் ஜோனா விட்காம் நின்றிருந்தாள். போன பிப்ரவரியில் ரெட்ஃபர்ன் தெருவுக்குக் குடிவந்தவள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். வேலை உடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. கண் சிவந்திருந்தது, ஆனால் அழுத கண் இல்லை. கோபத்தில் சிவந்த கண்.

"மிஸ் ஓப்பல் இருக்காங்களா? நான் திருடியாம். மிஸ்டர் ரோஸ்கோவோட அடுப்ப நான்தான் தூக்கிட்டுப் போயிட்டேனாம்!"

லமோன்ட்டுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கோடை விடுமுறையில் வேலை கிடையாது. கீழ்வீட்டு ஓப்பல் கிரென்ஷாவோ முப்பது வருஷம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர். தீ, திருட்டு என்று பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றும் தெருவில் பூனை காணாமல் போனால்கூட அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். லமோன்ட் தன்னைத்தானே அவருடைய உதவியாளனாக நியமித்துக்கொண்டவன். அவர் நியமித்ததாக யாருக்கும் நினைவில்லை.

மிஸ் ஓப்பல் சமையலறையில் அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார். இன்று மதியம் தெரு விருந்து. மிஸ்டர் ரோஸ்கோ தம் கரியடுப்பில் சுடும் பன்றி விலாக்கறிதான் அதில் முக்கியம். ஃபிலடெல்பியாவின் இந்தப் பகுதியில் தெரு விருந்துக்கு உருளைக்கிழங்கு சாலட் செய்ய எல்லோரையும் விட்டுவிட மாட்டார்கள். ஒருமுறை யாரோ அதில் உலர்திராட்சை போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த உரிமை மிஸ் ஓப்பலுக்கு மட்டும்தான்.

"உக்காரு கண்ணு. லமோன்ட், அவளுக்குக் காப்பி குடு. உன் சட்டையில இருக்கறது இல்ல, கெட்டில்ல இருக்கறது."

ஜோனா உட்கார்ந்தாள். சும்மா இருக்க முடியாமல் தானும் ஒரு முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"நம்ம தெருத் தலைவி வெர்னெல் நடுரோட்டுல நின்னு விசில் ஊதி எல்லாரையும் கூட்டிட்டாங்க. விடியக்காலைல பின்சந்துல சக்கரம் உருளற சத்தம் கேட்டுச்சாம். எட்டிப் பாத்தா நான் நின்னேனாம். ஆமா, நின்னேன்! வேலை முடிஞ்சு வந்து என் சக்கரம் வெச்ச குப்பைத்தொட்டிய உள்ள இழுத்து வெச்சேன். அது குத்தமா?"

"அது மட்டும்னா வெர்னெல் இவ்வளவு குதிக்க மாட்டாளே," என்றார் மிஸ் ஓப்பல்.

"ரெண்டு வாரம் முன்னாடி மிஸ்டர் ரோஸ்கோ அடுப்பு மூட்டினப்ப புகையப் பத்தி ஒண்ணு சொன்னேன். அத வெச்சு, நான் வந்ததுலேருந்தே இந்த விருந்த நிறுத்தப் பாக்கறேன்னு கதை கட்டிட்டாங்க."

"அப்புறம் அந்த நாற்காலி விவகாரம் வேற," என்றான் லமோன்ட், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்.

ஜோனா அவனை முறைத்தாள். விவகாரம் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தத் தெருவில் காரை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவர் அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்வரை அந்த இடம் அவருடையது. சட்டம் கிடையாது, ஆனால் செத்தாலும் ஒருவரும் தொடமாட்டார்கள். ஜோனா குடிவந்த முதல் வாரம் பனி கொட்டியது. வெர்னெல் இடுப்பு ஒடியப் பனியை வாரித் தள்ளி, நாற்காலி போட்டுப் பிடித்து வைத்திருந்த இடம். யாரோ பழைய நாற்காலியைத் தெருவில் எறிந்துவிட்டார்கள் என்று நினைத்து ஜோனா அதை நடைபாதையில் எடுத்து வைத்துவிட்டுக் காரை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் பாதிப்பேர் அவளோடு பேசுவதில்லை.

"அதுக்கப்புறம் நான் எந்த நாற்காலிக்கும் கிட்டயே போறதில்ல, போதுமா? இன்னைக்கு விடியக்காலைல பஸ்ஸ விட்டு இறங்கி வரேன், ரோட்டுல ஒண்ணு கிடக்குது. தெருவே காலி. இருந்தாலும் சுத்திக்கிட்டுத்தான் போனேன்."

மிஸ் ஓப்பலின் விரல் முட்டையில் அப்படியே நின்றது. "எங்க கிடந்துது?"

"மிஸ்டர் ரோஸ்கோ வீட்டு முன்னாடி."

"ம்," என்றார் அவர். விரல் மறுபடி நகர்ந்தது.

"மதியத்துக்குள்ள அடுப்பு வரலேன்னா போலீஸாம்," என்றாள் ஜோனா. "நான் நர்ஸு. திருட்டுன்னு ஒரு பேரு வந்தா என் லைசென்ஸ் போச்சு. ஆனா அதுக்காக மட்டும் வரல, மிஸ் ஓப்பல். இது எங்கம்மா விட்டுட்டுப் போன காச வெச்சு வாங்கின வீடு. எனக்கு வேற போக்கிடம் இல்ல, போறதாவும் இல்ல. இன்னைக்கு விருந்துல உக்காந்து சாப்பிடத்தான் போறேன். யாரு தடுக்கறாங்கன்னு பாத்துடறேன்."

மிஸ் ஓப்பல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "முட்டைய முழுசா உரிச்சு வை. உப்பு மட்டும் போட்றாத, அது என் வேலை. லமோன்ட், செருப்பப் போடு."

தெரு வெறிச்சென்று கிடந்தது. விருந்துக்காக நேற்று மாலையே எல்லாக் கார்களையும் பக்கத்துத் தெருக்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு முனையிலும் வெர்னெல் மரத்தடுப்பு வைத்திருந்தாள். சர்ச்சிலிருந்து வாங்கிவந்த மடக்கு நாற்காலிகளை லமோன்ட்தான் நேற்று வெர்னெல் வீட்டுப் படியோரம் அடுக்கினான். அந்த அடுக்கிலிருந்து ஒன்று மட்டும் பிரிந்து, மிஸ்டர் ரோஸ்கோ வீட்டுக்கு முன்னால், நடைபாதை விளிம்பை ஒட்டி ரோட்டில் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"எவனோ விலாக்கறிக்கு இப்பவே இடம் போட்டுட்டான்," என்று சிரித்துக்கொண்டே லமோன்ட் அதை மடக்கப் போனான்.

"தொடாத."

லமோன்ட்டுக்குப் புல்லரித்தது. "கைரேகையா? மாவு கொண்டு வரட்டுமா?"

"மாவு வேணாம். கண்ணத் தொறந்து பாரு, போதும்."

அவன் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். நாற்காலி நாற்காலியாகத்தான் இருந்தது.

அதற்குள் கழுத்தில் விசில் ஆட வெர்னெல் டேட் வந்துவிட்டாள். தெருத் தலைவி. யாரும் எதிர்த்து நிற்காததால் அவளே வருஷா வருஷம் தலைவி.

"என்ன ஓப்பல், அவ உன்கிட்ட வந்து அழுதாளா?"

"அழல. முட்டை உரிச்சுக் குடுத்தா."

"நல்லா உரிப்பா! நம்ம தெருவையே உரிச்சுட்டாளே! கேட்டுக்கோ, இந்த விருந்து நடந்தே தீரும். எங்கப்பா காலத்துலேருந்து ஒரு வருஷம் நின்னதில்ல. நான் உசுரோட இருக்கறப்ப நிக்காது. ஆனா அவ இந்தப் பந்திக்கு வரக் கூடாது."

"அடுப்பு கிடைச்சப்புறம் பேசலாம். விலாக்கறி எங்க?"

"என் வீட்டு ஐஸ்பெட்டியில. நேரத்தோட நெருப்பு மூட்டலேன்னா சாயங்காலம் வரைக்கும் வேகாது."

பின்சந்து ஒரு குறுகலான நடைவழி. வண்டி எதுவும் நுழையாது. மிஸ்டர் ரோஸ்கோவின் அடுப்பு எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக அறுத்து, கால் வைத்து, இரண்டு சக்கரம் மாட்டியது. ஓர் ஆள் தள்ளலாம், ஆனால் தூக்க முடியாது. அது நிற்கும் இடத்தில் இப்போது கரித்தூள் மட்டும் வட்டமாகக் கிடந்தது. சங்கிலி சுவரில் தொங்கியது. பூட்டு திறந்திருந்தது, ஒரு கீறல் இல்லை. அடுப்பை மூடும் தார்ப்பாய் நான்காக மடித்து ஓரமாக வைக்கப்பட்டு, காற்றில் பறக்காதபடி மேலே ஒரு செங்கல்லும் இருந்தது.

"ரொம்ப ஒழுங்கான திருடன்," என்ற லமோன்ட் திடீரென்று விரலைச் சொடுக்கினான். குரலைத் தாழ்த்தி, "மிஸ் ஓப்பல்! நர்ஸு! படுக்கை விரிப்ப மடிச்சு மடிச்சுப் பழகின கை! ஐயோ, நம்மகிட்ட வந்தவளே திருடி!" என்றான்.

"நல்லா யோசிச்ச. தப்பா யோசிச்ச. வா, வீட்டுக்காரரப் பாப்போம்."

மிஸ்டர் ரோஸ்கோ ஃபெயர்லி கதவைத் திறந்தபோது முகம் இரவெல்லாம் தூங்காதவர் முகமாக இருந்தது. இத்தனை வருஷமாக இந்தத் தெருவின் விலாக்கறி அவர் கையால்தான். மூன்று தெரு தள்ளியிருந்தும் தட்டோடு வந்து நிற்பார்கள். "வாங்க" என்று சமையலறைக்குக் கூட்டிப்போய்க் காப்பியில் தாராளமாகப் பால் ஊற்றிக் கொடுத்தார்.

லமோன்ட் ஒரு வாய் வைத்தான். அவ்வளவுதான். பால் கெட்டுப் புளித்திருந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மிஸ் ஓப்பலைப் பார்த்தான். அவர் தம் கோப்பையை உதட்டருகே கொண்டுபோய், மெல்லக் கீழே வைத்துவிட்டார். மிஸ்டர் ரோஸ்கோவோ கோப்பையை முழுதாகக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல, ஓப்பல். பூட்ட மறந்துட்டேன். போனது போச்சு, விட்டுருங்க."

"உங்க ட்ரக்க எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"சர்ச்சுக்குப் பின்னாடி. நேத்து மதியமே விட்டுட்டேன், அப்புறம் நான் வாசலத் தாண்டல."

"விலாக்கறிக்குப் பூசற சாஸ் பண்ணியாச்சா?"

"அடுப்பே போச்சு. சாஸ் எதுக்கு?"

மிஸ் ஓப்பல் சுவரைப் பார்த்தார். லமோன்ட்டும் பார்த்தான். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற பெரிய சாஸ் பாத்திரம் ஆணியில் தொங்கியது, பல நாளாகத் தொடாத மாதிரி, மேலே லேசாகத் தூசியோடு.

"அந்தப் பொண்ணு உங்க புகையப் பத்திச் சொன்னாளாமே?"

அவர் முகம் இறுகியது. "நாறுதுன்னு சொன்னா. இத்தன வருஷத்துல என் புகைய அப்படிச் சொன்னவ அவ ஒருத்திதான்."

வெளியே வந்ததும் லமோன்ட் ஓடிப்போய்ச் செடியடியில் துப்பினான். மிஸ் ஓப்பல் நேரே தம் வீட்டுக்கு நடந்தார். முட்டைகள் எல்லாம் உரித்தபடி இருந்தன. உப்பு போடவில்லை.

"கண்ணு, அன்னைக்கு மிஸ்டர் ரோஸ்கோகிட்ட என்ன சொன்ன? அப்படியே சொல்லு."

"பெயின்ட் எரியுதுன்னு சொன்னேன். அவரு பழைய வேலிப் பலகைய அறுத்து விறகோட போட்டிருந்தாரு. பெயின்ட் நாத்தம் குடலப் புடுங்குச்சு. அந்த நெருப்புல சமைச்சா ஜனங்களுக்கு ஆகாதுன்னுதான் வேலிக்கு மேல எட்டிச் சொன்னேன். அவரு பக்கத்துலயே நின்னாரு, இருமக்கூட இல்ல. என்னை ஒரு மாதிரிப் பாத்தாரு. பயந்துட்ட மாதிரி. அப்புறம் கதவ அடிச்சுச் சாத்திட்டாரு."

"இத வெர்னெல்கிட்ட சொன்னியா?"

"புகைன்னு சொன்னதுமே கத்த ஆரம்பிச்சுட்டாங்க. என்ன புகைன்னு ஒருத்தர் கேக்கல."

"நான் கேட்டுட்டேன். வா என்கூட." வாசலில் நின்று மிஸ் ஓப்பல் லமோன்ட் பக்கம் திரும்பினார். "வெர்னெல ஊதச் சொல்லு. ரோட்டுல வெச்சுப் பழி போட்டாங்க, ரோட்டுல வெச்சுத்தான் எடுக்கணும்."

விசில் சத்தத்தில் தெருவே படியிறங்கி வந்தது. மிஸ்டர் ரோஸ்கோ தம் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். மிஸ் ஓப்பல் அந்த ஒற்றை நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றார். ஜோனா கையைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தபடி அவர் பக்கத்தில் நின்றாள்.

"இந்த நாற்காலிய இங்க போட்டது யாரு?"

பிள்ளைகள் முண்டியடித்து நாற்காலியை எட்டிப் பார்த்தார்கள்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து இந்தத் தெருவுல கார் நிறுத்த முடியாது. ரெண்டு பக்கமும் தடுப்பு. ஆனா இது எப்படி இருக்குன்னு பாருங்க. விளிம்ப ஒட்டி, ரோட்டுல. இது உக்கார்றதுக்குப் போட்ட நாற்காலி இல்ல. இடம் பிடிக்கப் போட்ட நாற்காலி."

லமோன்ட் வாயைப் பிளந்தான். அடடா! அதைத்தானே அவன் சிரித்துக்கொண்டே மடக்கப் போனான்!

"காலித் தெருவுல எவனாவது இடம் பிடிப்பானா?" என்றாள் வெர்னெல்.

"யோசிச்சா பிடிக்க மாட்டான். கை தானா செஞ்ச வேலை இது. விடியறதுக்கு முன்னாடி ஒருத்தர் தடுப்ப ஒதுக்கிட்டு வண்டிய இங்க கொண்டு வந்து நிறுத்தியிருக்காரு. சந்துலேருந்து அடுப்பத் தள்ளிட்டு வந்து, பலகை சாச்சு வண்டியில உருட்டி ஏத்தியிருக்காரு. கிளம்பறப்ப, காலமெல்லாம் செஞ்ச பழக்கம், ஒரு நாற்காலிய உருவி இடத்துல போட்டுட்டுப் போயிட்டாரு. தார்ப்பாய மடிச்சுக் கல்லு வெச்சதும் அதே பழக்கந்தான். தன் பொருள யாரும் கசக்கிப் போட்டுட்டுப் போக மாட்டாங்க."

கூட்டத்தில் சலசலப்பு.

"இப்ப சொல்லு வெர்னெல். ஜோனாவுக்கு நம்ம நாற்காலி வழக்கம் தெரியலேன்னு அரை வருஷமா திட்டறே. அடுப்பத் திருடற அவசரத்துலயும் அவ நம்ம வழக்கத்த மறக்காம இடம் பிடிச்சா, அப்படித்தானே?"

வெர்னெல் குனிந்து நாற்காலியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப… இது யாரு நிறுத்தற இடம்?" என்றாள்.

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அது யாருடைய இடம் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தலைகள் ஒவ்வொன்றாக வாசற்படிப் பக்கம் திரும்பின.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் மிஸ் ஓப்பல். குரல் தணிந்திருந்தது. "அடுப்பு காணாமப் போனது இன்னைக்குக் காலைல. சாஸ் ரெண்டு நாள் முன்னாடியே கொதிக்கணும், தெரு முழுக்க மணக்கணும். இந்த வாரம் யாருக்காவது மணந்துச்சா? அடுப்பு இருக்காதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சவரு ஒருத்தருதான். ரோஸ்கோ, மிச்சத்த நான் சொல்ல மாட்டேன். அது உங்களோடது. ஆனா இந்தப் பொண்ணோட பேரு ரோட்டுல கிடக்குது. அத நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

மிஸ்டர் ரோஸ்கோ எழுந்து நின்றார். படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"காலைல பால் கெட்டுப் போயிருந்துதா, ஓப்பல்?"

"தயிராவே ஆயிருச்சு, ரோஸ்கோ."

அவர் தலையசைத்தார். "குளிர்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட மூக்கு போச்சு. நாக்கும் போச்சு. வரும் வரும்னு இருந்தேன். அன்னைக்கு அடுப்ப மூட்டிப் பாத்தேன். இவ வந்து பெயின்ட் எரியுதுங்கறா. பெயின்ட்! என் மூக்குக்குக் கீழ! எனக்கு ஒண்ணுமே தெரியல. தெரு ஜனத்துக்கே விஷத்த வெச்சிருப்பேன். என் சாஸுல உப்பு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது. அத எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்லுவேன்? அடுப்பு போச்சுன்னா விலாக்கறியக் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"அவ மேல பழி விழுந்தப்ப?" என்றான் லமோன்ட். அவனுக்கே ஆச்சரியமாக, கோபமாக வந்தது.

"வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. கேவலமா இருக்கு." அவர் படியிறங்கி ஜோனாவுக்கு எதிரில் வந்து தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சிரும்மா. நீ எனக்கு நல்லதுதான் சொன்ன. நான் உன்னைத் திருடியாக்கிட்டேன்."

வெர்னெல் தொண்டையைச் செருமினாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் விசிலை ஒருமுறை ஊதிவிட்டுத் தெருமுனைக்கே கேட்கும்படி கத்தினாள்: "எல்லாரும் கேட்டுக்கங்க! ஜோனா திருடல! நான் சொன்னது தப்பு! தப்பு வெர்னெலோடது!"

யாரோ கைதட்டினார்கள். ஜோனா மட்டும் அசையவில்லை.

"உங்க மேல எனக்குக் கோபம்தான், மிஸ்டர் ரோஸ்கோ," என்றாள் கடைசியில். "அது இன்னைக்கே போயிராது. ஆனா நான் நைட்டு முழுக்க நின்னுட்டு வந்திருக்கேன். எனக்குப் பசிக்குது. அடுப்பு எங்க?"

"சர்ச்சுக்குப் பின்னாடி. ட்ரக்குல."

"கொண்டாங்க. கை உங்களோடது. உப்பு, புளிப்பு, புகை எல்லாம் நான் பாத்துச் சொல்றேன். நான் நல்லா இல்லேன்னு சொன்னா நல்லா இல்ல. கதவச் சாத்தக் கூடாது."

மிஸ்டர் ரோஸ்கோ தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "உனக்கு வினிகர் அதிகமா இருந்தாப் பிடிக்குமா, கம்மியா இருந்தாப் பிடிக்குமா?" என்றார்.

"அதிகமா."

"கர்த்தரே, உமக்கு நன்றி," என்றார் அவர்.

நெருப்பு மூட்ட நேரமாகிவிட்டது. விலாக்கறி வேக மாலை சாய்ந்துவிடும் என்று தெரிந்தும் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பெரிய பாத்திரம் ஆணியிலிருந்து இறங்கியது. ஜோனா கரண்டியை நக்கி நக்கி முகத்தைச் சுளித்தாள், "இன்னும் கொஞ்சம்" என்றாள், "ஐயய்யோ போதும்" என்றாள். பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் கூச்சல் போட்டார்கள். அவர்கள் ஏறிக் குதித்து விளையாடக் காற்றடைத்த கோட்டையை ஊதி நிறுத்தி, அது இரண்டு தடவை சரிந்து விழுந்து, மறுபடி நிறுத்தியதில் லமோன்ட்டின் இடுப்பு கழன்றுவிட்டது.

ஜோனா உடை மாற்ற வீட்டுக்குள் போயிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில், புகை மூக்குக்கு எட்டும் தூரத்தில், ஒரு மடக்கு நாற்காலி காலியாகக் கிடந்தது. மிஸ்டர் ரோஸ்கோ ரோட்டிலிருந்து எடுத்துவந்து தம் கையால் விரித்துப் போட்டது. லமோன்ட் அதைப் பார்த்து, "அப்பாடா" என்று உட்காரக் குனிந்தான்.

விசில் காதைக் கிழித்தது. தெருவின் அந்த முனையிலிருந்து வெர்னெல் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"எந்திரி! எந்திரிடா! கண்ணு தெரியல? அது ஜோனா இடம்!"